ஏழு திரை, 169 புள்ளி: தண்டையார்பேட்டை ஓவியக் காட்சிக்குப் போய்வந்தவர்கள் எழுதுங்கள்

ராயபுரவாசி | ஞாயிறு, இரவு 9.40

தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் தெருக்காரர்களே சேர்ந்து வைத்திருக்கும் ஓவியக் காட்சிக்கு இன்று மாலை போய்வந்தேன். வழக்கமாகக் காதுகுத்தும் வளைகாப்பும் நடக்கும் இடம். மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவைக்கூட யாரும் நகர்த்தவில்லை. மேலே ஒரு வேட்டியைப் போர்த்தி விட்டிருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று மண்டபத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் படங்களை மாட்டியிருக்கிறார்கள். மின்விசிறியைப் போட்டால் படம் பறக்கிறது. நிறுத்தினால் பார்ப்பவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

ஆன்மிக விழிப்பு, அக ஒழுக்கம் என்று அழைப்பில் படித்தபோது எனக்குச் சற்றுப் பயமாகத்தான் இருந்தது. தாமரைக்குள் முனிவர், நெற்றியிலிருந்து கிளம்பும் கதிர், முதுகெலும்பு நெடுக வண்ண வண்ணச் சக்கரம். அவையும் இருக்கின்றன, நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு வரிசை முழுக்க அவைதான். என்னை இரண்டு மணி நேரம் அங்கே நிறுத்தியவை வேறு. அமைப்பாளர்கள் தெருக்காரர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்களாம். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யுங்கள். அதில் என்ன மிஞ்சுகிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்று.

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர், தினமும் விடியும் நேரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டை வரைந்திருக்கிறார். சாதாரண நீலப் பேனா. காகிதம், உதிரிபாகக் கடை பில்லின் பின்பக்கம். 48 தாளிலும் படகு இல்லை, காகம் இல்லை, சூரியன்கூட இல்லை. ஒரு கோடு மட்டும். முதல் வாரத்துக் கோடுகள் ஸ்கேல் வைத்ததுபோல் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. காகிதத்தின் மறுபக்கம் தடவினால் விரலில் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தம். போகப் போக அழுத்தம் குறைகிறது. முப்பதாவது தாளுக்கு மேல் கோடு இருக்கிறதா என்று மூக்கு படும் அளவு கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் மூன்று தாள் வெறுமையாக இருக்கிறது. ஒன்றின் ஓரத்தில் மட்டும் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. அந்த மூன்று நாளும் போக முடியவில்லையாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலை அப்போதுதான் தலைக்கு மேல் இருக்கும். தவறிய நாளைப் பிறகு வரைந்து நிரப்பாமல் வெறும் தாளையே மாட்டியிருக்கிறாரே, காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

என் கட்சி இது: இடப்பக்கத்து ஒளிவட்டங்கள் எல்லாம் யாரோ சொல்லக் கேட்டு வரைந்தவை. பில் தாளில் இருப்பது, உட்கார்ந்து பார்த்தவன் போட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

சந்தேகப்பேர்வழி | ஞாயிறு, இரவு 10.22

வந்துவிட்டேன்.

48 நாள் ஒரே கோட்டைப் போட்டால் அது கலையா? எங்கள் எதிர்வீட்டுக்காரர் இருபது வருடமாகத் தினமும் வெற்றிலை போட்டு ஒரே சுவரில் துப்புகிறார். நேரம்கூடத் தவறுவதில்லை. அதையும் மாட்டுவோமா?

எழும்பூருக்குப் பக்கத்தில் 1850 முதல் ஒரு நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அறுபதுகளில் எழுத்தும் குறியீடும் ஜாதகக் கட்டமும் போன்ற வடிவங்களை வைத்து வரைந்தார் என்றால், அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகள் பழகிய கை இருந்தது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கியபோது, கூட இருந்த ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டே வரைந்தார்கள். ஒழுக்கம் என்றால் நான் அதைச் சொல்வேன். இங்கே ஒரு மண்டலம் முடிந்ததும் கிளிப் போட்டு மாட்டிவிட்டார்கள். தவத்தைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது, தாளைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டுகளை எழுதியவர் யார்? 'பிரபஞ்ச ஆற்றலோடு ஆன்மா உரையாடும் தருணம்' என்று ஒன்று. அது எதன் கீழே இருந்தது தெரியுமா? முருங்கைக்காய் படத்தின் கீழே.

ராயபுரவாசி | ஞாயிறு, இரவு 10.31

சீட்டு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். முருங்கைக்காயை வரைந்த அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரிடம் கேட்டேன். "மரம் எங்கள் வீட்டு மரம், தினம் ஒரு காய் பறித்து, சமைக்கும் முன்னால் வரைந்தேன்" என்றார். அதையே எழுதியிருக்கலாம்.

கோலமாவு | திங்கள், காலை 6.10

நுழைவாயில் தரையில் இருக்கும் கோலம் என்னுடையது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே 8இல் நிறுத்த வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி வரும். கல்யாணமான நாளிலிருந்து கோலம் போடுகிறேன். ஆனால் நேற்றுப் போட்டதை இன்று போட்டதில்லை. அக்கம்பக்கத்தில் பேசுவார்களே! இந்த 48 நாளும் ஒரே கோலம், காலை ஐந்தே காலுக்கு. முதல் பத்து நாள் பெருமையாக இருந்தது. இருபதாம் நாள் வெறுப்பு வந்துவிட்டது. கையில் மாவை எடுக்கும்போதே அழுகை வரும்போல் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் "என்ன அக்கா, வேறு கோலம் மறந்துவிட்டதா?" என்று கேட்டாள். முப்பதுக்கு மேல் கை தானாகப் போனது. அப்போது மனம் என்ன செய்தது என்றால், கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். விழிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். என் கோலத்தில் இடப்பக்க வரிசைகள் எப்போதும் அரை விரல் கீழே இறங்கும். கை சரியில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கை இல்லை, எங்கள் தெருவே சாக்கடைப் பக்கம் சரிவு. மண்டபத்துத் தரையில் போட்டபோது அது நேராக வந்தது. முப்பது வருடம் கழித்து என் கைமேல் எனக்கு மரியாதை வந்திருக்கிறது.

சந்தேகப்பேர்வழி ஐயா, உங்கள் எதிர்வீட்டுக்காரரை ஒரு நாள் துப்பாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். அது வழக்கம். இது வழக்கத்தைப் பார்ப்பது.

சந்தேகப்பேர்வழி | திங்கள், காலை 8.05

அம்மா, உங்கள் பதிவு உங்கள் கோலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் புகாரே அதுதான். கதையைக் கேட்டால்தான் படம் நன்றாகத் தெரிகிறது.

ஏழுகிணறுக்காரர் | திங்கள், காலை 10.48

எனக்கு வயது 74. முழங்கால் தொந்தரவோடு இரண்டு மாடி ஏறிப் பார்த்தேன். ஏழு திரைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள் உண்டு. தைப்பூசத்தன்று ஆறு காலமும் ஏழையும் நீக்கிக் காட்டுவார்கள். மாதப் பூசத்தில் ஆறு திரைகளை மட்டும் நீக்குவார்கள். 1872இல் அந்தச் சபையை ஏற்படுத்திய வள்ளலார் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்பது இளையவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பிறந்தது 1823இல், மருதூரில். வளர்ந்தது எங்கள் ஏழுகிணறு, வீராசாமி பிள்ளை தெருவில். கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடியதும், திருவொற்றியூருக்கு நடையாய் நடந்ததும் இங்கிருந்துதான். வீட்டு மாடி அறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி, அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டார் என்று சொல்வார்கள்.

மண்டபத்தின் நடைவழியில் ஏழு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நல்ல எண்ணம். ஆனால் வரிசை தவறு. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்த நிறம் என்பதே முறை. கறுப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பரா சக்தி, சிவப்பு இச்சா சக்தி என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது. இங்கே பச்சைக்கு முன்னால் சிவப்பு தொங்குகிறது. ஏழாவதையும் விலக்கினால் எதிரில் வெறும் சுவர், அதில் நீர்க்கசிவுக் கறை. அது தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா?

வலதுகுத்து | திங்கள், பகல் 1.15

மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் துணிப்பட்டைகளைப் பார்த்தீர்களா? அவை எங்கள் வாத்தியாருடையவை. கையுறைக்கு உள்ளே விரலுக்கும் மணிக்கட்டுக்கும் சுற்றும் பட்டை. இந்தப் பக்கம் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் மேடை ஏறி எத்தனையோ வருடம் ஆகிறது. 48 நாளும் எதிரில் ஆள் இல்லாமல், தனியாக, மொட்டை மாடியில் மூன்று மூன்று நிமிடமாக ஆறு சுற்று காற்றில் குத்தினார். தினம் ஒரு புதுப் பட்டை. எதையும் துவைக்கவில்லை.

நான் தினமும் கீழே உட்கார்ந்து நேரம் பார்த்தேன். "கோபம் வருகிற நாளில் தோள் தூக்கிக்கொள்ளும். தோள் இறங்கும்வரை வலது கையை விடாதே" என்பார். பட்டைகளில் கறை எந்த முட்டியில் அதிகம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், எந்த நாள் அவர் கோபமாக இருந்தார் என்று என்னால் சொல்ல முடியும்.

சந்தேகப்பேர்வழி | திங்கள், பகல் 1.40

என்னாலும் சொல்ல முடியும் தம்பி, நாற்றத்தை வைத்து.

வலதுகுத்து | திங்கள், பகல் 1.44

ஐயா, அதற்குத்தான் ஜன்னல் ஓரத்தில் மாட்டச் சொன்னோம். மழை வரும் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கட்பீஸ் | திங்கள், இரவு 11.20

கடையை இப்போதுதான் மூடினேன். திரைகள் நான் தைத்தவை. ஏழுகிணறு ஐயாவுக்கு வணக்கம்.

தெரியாமல் செய்யவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு பெரிய காரணமும் இல்லை. எம்.சி. ரோடு கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை எடைக்கு வாங்கித் தைத்தேன். பச்சையில் மட்டும் நீளம் போதவில்லை. தரையிலிருந்து முக்கால் அடி தூக்கிக்கொண்டு நின்றது. காலெல்லாம் தெரியும், அசிங்கமாக இருக்கும் என்று சிவப்பை முன்னால் போட்டு மறைத்துவிட்டேன். பரா சக்தியை இச்சா சக்தியின் பின்னால் ஒளித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிகிறது. மன்னியுங்கள்.

48 நாள் நான் செய்தது ஓரம் அடிப்பது. மெஷினில் வைத்தால் மொத்தமும் ஒரு மணி நேர வேலை. பகலெல்லாம் ஜாக்கெட் அடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல், நீலத்தில் நீலம். யாருக்கும் தெரியாது. விரலால் தடவினால்தான் தெரியும். ஒரு சின்னப் பெண் மட்டும் ஏழு திரையின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கடைசிச் சுவரைப் பற்றி: அங்கே கண்ணாடி வைப்பதாகத்தான் இருந்தது. வள்ளலாரின் கண்ணாடிக் கதை எனக்கும் தெரியும், பாட்டி சொல்லியிருக்கிறார். அப்பாவின் பழைய சலூன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆணி அடிக்க விடவில்லை, சாய்த்து வைத்தால் குழந்தைகள் தள்ளிவிடும். அதனால் சுவர். சுவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனவர்கள் எட்டுப் பேர், எண்ணினேன்.

ராயபுரவாசி | திங்கள், இரவு 11.34

கண்ணாடி இல்லாததே நல்லது என்று நினைக்கிறேன். திரையை விலக்கினால் 'நீயே அது' என்று கண்ணாடி காட்டுவது பல காட்சிகளில் பார்த்துச் சலித்த உத்தி. கறை படிந்த சுவரை எதிர்பார்த்து யாரும் வருவதில்லை.

ஏழுகிணறுக்காரர் | செவ்வாய், காலை 9.02

மன்னிப்பெல்லாம் எதற்கம்மா? துணி போதவில்லை என்றால் பச்சைக்குக் கீழே வேறு பச்சையில் ஒரு பட்டை வைத்துத் தைத்துவிடு. ஒட்டுப்போட்ட துணியைக் கட்டியவர்கள்தான் நாம் எல்லோரும். எங்கள் வீட்டில் பழைய பச்சைக் கரைவேட்டி ஒன்று இருக்கிறது. வேண்டுமானால் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

தர்காத்தெரு | செவ்வாய், பகல் 12.30

ஒரு குறை சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையில் நடக்கும் காட்சியில் குணங்குடி மஸ்தான் சாகிபு எங்கே? தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, எல்லாவற்றையும் துறந்து, இங்கே வந்து அடங்கியவர். 1838இல் மறைந்தார். தொண்டியார் இருந்த பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்று எங்கள் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். அவருடைய பாட்டுகளை எல்லா மதத்தாரும் பாடுவார்கள். மண்டபத்திலிருந்து தர்காவுக்கு நடந்தே போகலாம்.

48 என்ற கணக்கைப் பற்றியும் ஒன்று. 27 நட்சத்திரம், 12 ராசி, 9 கோள், கூட்டினால் 48 என்று அங்கே ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். சரி. சூபிகள் தனித்திருக்கும் சில்லா 40 நாள். ராயபுரத்துக் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் 40. சபரிமலைக்குப் போகிறவர்களில் 41 நாள் விரதம் என்பவர்களும் உண்டு. கணக்கு எதுவானாலும், ஒரு மாதத்துக்குள் மனிதன் அடங்குவதில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்போல.

கோலமாவு | செவ்வாய், பகல் 12.52

பாய், இருபதாம் நாள் நான் அழுததை எழுதியிருந்தேனே, அதுவும் இந்தக் கணக்கில் சரியாக வருகிறது. அடுத்த முறை உங்கள் தெருவிலிருந்தும் ஆட்களைச் சேர்க்கச் சொல்கிறேன். அழைப்பு மார்க்கெட்டைத் தாண்டிப் போகவில்லை என்பது உண்மைதான்.

தர்காத்தெரு | செவ்வாய், பகல் 12.58

சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. என் மைத்துனர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். 48 நாள் அல்ல, 48 வருடம் கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்தவர்.

ஒற்றியூர்க்காற்று | செவ்வாய், மாலை 5.15

கடைசி நாள் மாலை அந்த 48 பில் தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். பட்டினத்தார் சமாதிக்கு முன்னால் கடல்தான். கசக்கும் பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே உனக்கு முடிவு என்று சொல்லப்பட்டு, ஊர் ஊராய்க் கரும்பைச் சுமந்து அலைந்தவருக்கு அது இனித்தது ஒற்றியூரில் என்பது கதை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கோட்டை நேரில் ஒரு முறை பார்க்கலாம். காற்று பலமாக இருக்கும், கிளிப் கொண்டுவர வேண்டும்.

சந்தேகப்பேர்வழி | புதன், இரவு 8.50

இன்று மறுபடி போனேன். யாரும் அதிகம் சந்தோஷப்பட வேண்டாம்.

பட்டை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அது நினைவுப்பொருள், வாத்தியார் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டியது. விளக்கச் சீட்டுகளை எடுத்துவிட்டிருக்கிறார்கள், நல்ல காரியம். திரைகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வெள்ளையில் வெள்ளைத் தையல் இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, விரல்தான் படித்தது. அதைப் பற்றி எனக்கு இன்னும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கடல் கோடுகளின் முன்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 41ஆம் தாளில் கோடு நடுவில் ஒரு இடத்தில் அறுந்து மறுபடி தொடங்குகிறது. பேனா மை தீர்ந்ததா, ஆள் எதையாவது பார்த்தானா? இதற்குச் சீட்டில் பதில் இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

கடைசியாக, கோலம். தாளைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்று சொன்னவன் நான் என்பதால் தரையைப் பார்த்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். 168தான் இருக்கிறது அம்மா.

கோலமாவு | புதன், இரவு 9.04

இடப்பக்கம் மேலிருந்து நாலாவது வரிசையா?

சந்தேகப்பேர்வழி | புதன், இரவு 9.06

ஆமாம். அங்கே வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது.

கோலமாவு | புதன், இரவு 9.11

நாற்காலியின் கால் அந்த இடத்தில்தான் ஊன்றியிருக்கும். இன்று விடியற்காலை மாவு போடப் போனபோது உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் கொசு என்று நேற்றுத்தான் சொன்னார். எழுப்ப மனம் வரவில்லை. புள்ளி இருக்கிறதாக நினைத்துக்கொண்டு கோட்டைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். யாரும் எண்ண மாட்டார்கள் என்று நினைத்தேன்.

சந்தேகப்பேர்வழி | புதன், இரவு 9.15

வளைவு சரியாகத்தான் வந்திருக்கிறது. நான் எண்ணாவிட்டால் தெரிந்திருக்காது.

ஏழுகிணறுக்காரர் | புதன், இரவு 9.30

ஞாயிறோடு முடிகிறது என்கிறார்கள். பச்சை வேட்டியைத் துவைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மெட்ரோவில் வருவதாக இருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கும், பிறகு அந்த இரண்டு மாடிக்கும் யாராவது கைபிடித்துக் கூட்டிப்போனால் நல்லது.

வலதுகுத்து | புதன், இரவு 9.33

நான் வருகிறேன் தாத்தா. எத்தனை மணி வண்டி?